தலைக்கு மேலே ஓர் இளஞ்சூரியன்

(கட்டுகஸ்தோட்டையில் ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெப்ரவரி முதல் வாரத்தில் மப்பில்லாத ஓர் இரவு, ஏழரை மணியளவில் வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்று மேற்கே, திமிங்கில உடுத்தொகுதியில், கப்பா-1 சேட்டி என்ற நட்சத்திரம் இருக்கும். அதன் ஒளிப்பருமன் 4.8. கண்டி நகரத்து வெளிச்சத்தில் அது கண்ணில் படாது. விளக்குகள் குறைந்த மலைச்சரிவுக்குப் போனால், கண் இருளுக்குப் பழகிய பிறகு, ஒரு சிறு பொட்டாகத் தெரியும். நாம் இருப்பது 7 பாகை வட அகலக்கோட்டில். அது வான நடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே இலண்டனில் சரிந்து தெற்கே நிற்கும் அந்த நட்சத்திரம் நமக்கு ஏறத்தாழத் தலைக்கு நேர்மேலே கடந்து போகிறது.

30 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அந்த நட்சத்திரத்தின் நிறை சூரியனின் நிறைக்கு மிகக் கிட்டியது. வித்தியாசம் வயதில்தான். சூரியனுக்கு 457 கோடி வருடங்கள் ஆகின்றன. கப்பா-1 சேட்டிக்கு நாற்பது முதல் எழுபது கோடி வருடங்கள் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். சூரியன் தன் நடுக்கோட்டுப் பகுதியில் ஒரு முறை சுழல ஏறத்தாழ 25 நாள் எடுக்கிறது. இது 9 நாளில் சுழன்றுவிடுகிறது. சூரியனின் இளமையை நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. அது எப்படி இருந்திருக்கும் என்று அறிய வேண்டுமானால், இன்று இளமையாக இருக்கும் சூரியன்களைத்தான் பார்க்க வேண்டும். அவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியை அவற்றின் கரும்புள்ளிகளே சொல்லிக்கொடுத்தன. இன்றைய பேச்சு அந்தப் புள்ளிகளைப் பற்றியது.

முதலில் நம் சூரியனின் புள்ளிகளைப் பார்ப்போம். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 5,770 கெல்வின். ஒரு பெரிய புள்ளியின் நடுப்பகுதி 4,000 கெல்வின் அளவில் இருக்கும். அதுவும் கண்ணைப் பறிக்கும் ஒளிதான். சுற்றிலும் இன்னும் பிரகாசமாக இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. அந்த இடம் ஏன் குளிர்கிறது? சூரியனின் வெளிப்புறத்தில், ஆரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை, வெப்பம் மேற்காவுகையால் மேலே வருகிறது. உலையில் கொதிக்கும் நீர்போல, சூடான பிளாஸ்மா எழும்பி, வெப்பத்தைக் கொட்டிவிட்டு, குளிர்ந்து கீழிறங்குகிறது. வலுவான காந்தப் புலம் ஓரிடத்தில் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தால் அது அந்த ஏற்ற இறக்கத்தைக் கட்டிப்போட்டுவிடும். மின்னேற்றம் கொண்ட பிளாஸ்மா காந்தக் கோடுகளைக் குறுக்கே கடந்து தாராளமாக நகர முடியாது. கீழிருந்து வெப்பம் வருவது குறைகிறது, அந்த இடம் இருள்கிறது. புள்ளிகளுக்குள் காந்தப் புலம் இருப்பதை 1908 இல் ஜோர்ஜ் எலரி ஹேல் மவுண்ட் வில்சன் அவதான நிலையத்தில் கண்டறிந்தார். நம் காலடியில் இருக்கும் பூமியின் காந்தப் புலத்தைவிட அது பல ஆயிரம் மடங்கு வலியது.

அடுத்த வருடமே, 1909 ஜனவரியில், நமக்கு மிகக் கிட்டிய ஓர் இடத்திலிருந்து இன்னொரு கண்டுபிடிப்பு வந்தது. கொடைக்கானல் அவதான நிலையத்தில் ஜோன் எவர்ஷெட், புள்ளியைச் சூழ்ந்த மங்கலான வளையத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து கண்டார். உலகப் பாடநூல்களில் அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்ற பெயரில் இருக்கிறது. இந்தக் கொடைக்கானல் நிலையத்தின் கதையை இந்த ஊரில் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். அது நம் முன்னோரின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. அந்தப் பஞ்சத்தில் வீடுவாசலை விட்டுக் கிளம்பியவர்கள் பலர் கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் வீதி மகாவலியைக் கடப்பது இந்தக் கட்டுகஸ்தோட்டையில்தான். கோப்பித் தோட்டங்களுக்குப் போன அந்த மக்களின் வழித்தோன்றல்கள் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். அதே 1877 இல், இலண்டனில் நோர்மன் லொக்கியர் என்ற வானியலாளரும் டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர் என்ற அதிகாரியும் சேர்ந்து, சூரியப் புள்ளிகளுக்கும் பஞ்சங்களுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி குறையும் வருடங்களில் சென்னையில் மழை பொய்க்கிறது என்பது அவர்கள் வாதம். சூரியனைத் தொடர்ந்து அவதானித்தால் பருவமழையை முன்கூட்டி அறியலாம் என்ற நம்பிக்கை இப்படி வளர்ந்தது. 1893 இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு தென்னிந்தியாவில் சூரிய அவதான நிலையம் அமைக்கத் தீர்மானித்ததற்குப் பின்னால் அந்த நம்பிக்கையும் இருந்தது. 1899 இல் கொடைக்கானலில் நிலையம் எழுந்தது.

அந்த வாதம் நிலைக்கவில்லை. பதினொரு வருடச் சுழற்சியில் சூரிய ஒளி மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு மாகாணத்தைப் பட்டினி போட அது போதாது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மாகாணம் பசித்திருக்கும்போது தானியத்தைக் கப்பலேற்றவிட்டதும், நிவாரணக் கூலியைக் குறைத்ததும் சூரியன் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் அதிகாரம் செய்த பிழையை வானத்தின்மேல் போடும் வழக்கம் அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை.

எண்ணம் தவறினாலும் ஏடு நிலைத்தது. கொடைக்கானலில் 1904 முதல் நூறு வருடங்களுக்கு மேலாகச் சூரியனை நாள்தோறும் படமெடுத்து வருகிறார்கள். வெள்ளொளியிலும் எடுத்தார்கள், கல்சியத்தின் கே கோட்டிலும் எடுத்தார்கள். அந்தக் கே கோடு ஊதா நிறத்தின் விளிம்பில், 393.4 நனோமீற்றர் அலைநீளத்தில் இருக்கிறது. அந்த ஒளியில் மட்டும் சூரியனைப் படமெடுத்தால், காந்தப் புலம் செறிந்த இடங்களெல்லாம் வெண்திட்டுகளாக ஒளிரும். புள்ளியை விட அகலமான பரப்பில் காந்தம் பரவிக் கிடப்பதை அப்படங்கள் காட்டுகின்றன.

நட்சத்திரங்களின் காந்தத்தை ஆராயும் வாசல் அந்தக் கல்சியக் கோட்டில்தான் திறந்தது. எந்த நட்சத்திரமும் நமக்கு ஒரு புள்ளி ஒளிதான். அதன் முகத்தை வட்டமாகப் பார்க்க முடியாது. ஆனால் அதன் நிறமாலையில் கல்சியக் கோட்டின் நடுப்பகுதி எவ்வளவு ஒளிர்கிறது என்று அளக்கலாம். அந்த ஒளிர்வு கூடினால் காந்தம் கூடியிருக்கிறது என்று அறியலாம். 1957 இல் ஒலின் வில்சனும் சென்னையில் பிறந்த வைணு பாப்புவும் இதே கல்சியக் கோட்டின் ஒளிர்வு அகலத்துக்கும் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள உறவை வெளியிட்டார்கள். வில்சன்–பாப்பு விளைவு என்பது அதுதான். 1960 இல் பாப்பு கொடைக்கானலின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். வில்சன் 1966 இல் மவுண்ட் வில்சனில் 91 நட்சத்திரங்களைத் தெரிந்தெடுத்து, கல்சிய ஒளிர்வை மாதாமாதம், வருடாவருடம் அளக்கத் தொடங்கினார். முதல் முழு அறிக்கையை வெளியிட்டது 1978 இல்! பன்னிரண்டு வருடம் ஒரே வேலை. சூரியனைப்போல ஏறி இறங்கும் சுழற்சி பிற நட்சத்திரங்களுக்கும் உண்டு என்று அதிலிருந்துதான் உலகம் அறிந்தது. அவர் ஓய்வுபெற்ற பிறகும் மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். சூரிய வயதுடையவை ஒழுங்காக ஏறி இறங்க, இளையவை கட்டுக்கடங்காமல் தாறுமாறாக மாறுவதை அந்த நீண்ட பதிவு காட்டியது.

இளையவை ஏன் அப்படி? காந்தத்தை உண்டாக்குவது மேற்காவுகையும் சுழற்சியும் சேர்ந்து இயங்கும் ஒரு டைனமோ. வேகமாகச் சுழன்றால் காந்தம் வலுக்கும். ஆனால் அந்தக் காந்தமே நட்சத்திரத்துக்குக் கடிவாளம் போடுகிறது. நட்சத்திரத்திலிருந்து வீசும் காற்று காந்தக் கோடுகளில் பிணைந்தபடி வெகுதூரம் போய் விடுபடுகிறது. போகும்போது கோண உந்தத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே நட்சத்திரம் மெல்ல மெல்ல வேகம் இழக்கிறது. வேகம் குறையக் காந்தம் குறைகிறது, புள்ளி குறைகிறது. 1972 இல் அன்ட்ரூ ஸ்கூமனிச் இதைச் சில பக்கக் கட்டுரை ஒன்றில் கணக்காகச் சொன்னார். சுழற்சி வேகமும் கல்சிய ஒளிர்வும் வயதின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறைகின்றன. வயது நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும். உயர்தர மாணவர்கள் கப்பா-1 சேட்டியின் 9 நாளையும் சூரியனின் 25 நாளையும் இந்த விதியில் போட்டுப் பார்க்கலாம். விடை ஏறத்தாழ அறுபது கோடி வருடம் வரும்.

ஸ்கூமனிச் எடுத்த சான்றுகளில் இரண்டு நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் பெயர்களில் இருப்பவை. ஒன்று கார்த்திகை. முருகனை வளர்த்த தாய்மார் என்று நாம் கும்பிடும் அந்தக் கூட்டத்தின் வயது பதினொரு அல்லது பன்னிரண்டு கோடி வருடம். 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஆறேழு நீல நட்சத்திரங்களுக்குப் பின்னால் ஆயிரத்துக்கு மேல் மங்கல் நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் சூரியனை ஒத்தவை பல ஒரு சில நாள்களில் சுழல்கின்றன. இன்னொன்று, ரோகிணியைச் சூழ்ந்து தெரியும் கூட்டம். செந்நிறமான ரோகிணி அதன் உறுப்பல்ல. அது நமக்கும் கூட்டத்துக்கும் நடுவே, பாதி வழியில் நிற்கிறது. அந்தக் கூட்டத்தின் வயது ஏறத்தாழ அறுபத்தைந்து கோடி வருடம்.

அந்த வயதை உணர, நாம் நிற்கும் இந்த மலைநாட்டுப் பாறைகளை எண்ணிப் பாருங்கள். ஹந்தானையின் பாறைகள், புவியியலாளர் உயர்நிலத் தொகுதி என்று சொல்லும் பகுதியைச் சேர்ந்தவை. ஆழத்தில் புதைந்து கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அவை இன்றைய உருவம் எடுத்தது ஏறத்தாழ 55 முதல் 61 கோடி வருடங்களுக்கு முன். ரோகிணிக் கூட்டத்து நட்சத்திரங்கள் அதற்குச் சற்று முன்தான் பிறந்திருந்தன. வானியலில் அவை இளைய நட்சத்திரங்கள். ஆனாலும் நம் கண்டி மலைகளின் பாறைக்கு ஒத்த வயது.

சரி, முகமே தெரியாத நட்சத்திரத்தில் புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இரண்டு வழிகள் உண்டு. எளிய வழி, ஒளியை அளந்துகொண்டே இருப்பது. புள்ளி நம் பக்கம் சுழன்று வரும்போது நட்சத்திரம் மங்கும், மறுபக்கம் போகும்போது பிரகாசிக்கும். கனடாவின் மோஸ்ட் என்ற சிறு செய்மதி, 2003 இல் கப்பா-1 சேட்டியை இப்படி வாரக்கணக்கில் இமைக்காமல் பார்த்தது. ஒரு புள்ளி 8.9 நாளிலும் இன்னொன்று ஏறத்தாழ 9.3 நாளிலும் சுற்றி வந்தன. ஒரே நட்சத்திரத்தில் இரு காலங்கள்! சூரியனைப்போலவே அதுவும் வெவ்வேறு அகலக்கோட்டில் வெவ்வேறு வேகத்தில் சுழல்கிறது என்பதற்கு அது சான்று.

இரண்டாவது வழி டொப்ளர் படமாக்கம். சுழலும் நட்சத்திரத்தின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகுகிறது. ஆகவே நிறமாலைக் கோடு இருபுறமும் அகன்று தெரியும். இருண்ட புள்ளி ஒன்று விளிம்பிலிருந்து விளிம்புக்கு நகரும்போது, கோட்டின் வடிவத்தில் ஒரு சிறு மேடு நீல முனையிலிருந்து சிவப்பு முனைக்கு நகரும். பல இரவுகள் பதிவு செய்து, பின்னோக்கிக் கணக்கிட்டால், மேற்பரப்பின் வரைபடமே கிடைத்துவிடும். 1983 இல் வோக்ட், பென்ரொட் என்ற இருவர் எச்.ஆர். 1099 என்ற இரட்டை நட்சத்திரத்தில் இதைச் செய்துகாட்டினார்கள். அது இளையது அல்ல. துணை நட்சத்திரத்தோடு பிணைந்திருப்பதால் முதுமையிலும் வேகமாகச் சுழல்கிறது. பிறகு உண்மையான இளஞ்சூரியன்களுக்கும் இம்முறை பயன்பட்டது.

கிடைத்த வரைபடங்கள் எவரும் எதிர்பாராதவை. சூரியனில் புள்ளிகள் நடுக்கோட்டின் இருபுறமும் முப்பத்தைந்து பாகைக்குள் அடங்கிவிடும்; துருவத்தில் புள்ளி தோன்றுவதில்லை. இளைய நட்சத்திரங்களில் துருவத்திலேயே மாபெரும் புள்ளி! தெற்கே டொராடோ உடுத்தொகுதியில் ஏபி டொராடஸ் என்ற நட்சத்திரம் அரை நாளில் ஒரு முறை சுழல்கிறது. அதன் துருவத்தில் ஒரு கரும் தொப்பி பல வருடங்கள் நிலைத்திருந்தது. ஷூஸ்லர், சொலாங்கி என்ற இருவர் 1992 இல் விளக்கம் தந்தார்கள். உள்ளிருந்து மேலேறும் காந்தக் குழாயை, வேகச் சுழற்சியால் எழும் கொரியோலிஸ் விசை, சுழலச்சுக்கு இணையாகத் திருப்பிவிடுகிறது. ஆகவே அது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வெளிவராமல் உயர் அகலக்கோடுகளில் வெளிவருகிறது.

இன்னொரு விந்தை. சூரியனில் புள்ளி அதிகமான வருடங்களில் மொத்த ஒளி குறையாது, சற்றுக் கூடும். புள்ளிகள் குறைக்கும் ஒளியைவிட, அவற்றைச் சூழ்ந்த வெண்திட்டுகள் தரும் ஒளி அதிகம். இளைய நட்சத்திரங்களில் கணக்கு தலைகீழ். காந்தம் கூடும் காலத்தில் அவை மங்குகின்றன, ஏனெனில் அங்கே புள்ளிகளின் பங்கு வெண்திட்டுகளை வென்றுவிடுகிறது. வயது ஏறும்போது எங்கோ ஒரு கட்டத்தில் இந்தத் தராசு சாய்கிறது. சூரியன் அந்தக் கட்டத்தைக் கடந்து வந்துவிட்டது.

புள்ளி இருக்கும் இடத்தில் வெடிப்பும் இருக்கும். 1859 செப்ரெம்பர் 1 ஆம் திகதி கரிங்டன் என்ற வானியலாளர் கண்ட சுவாலைதான் நம் சூரியனில் நேரில் கண்டவற்றுள் பெயர்பெற்றது. அதைத் தொடர்ந்து தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. கெப்ளர் விண்தொலைகாட்டி 83,000 சூரியவகை நட்சத்திரங்களை 120 நாள் பார்த்த பதிவில், 148 நட்சத்திரங்களில் 365 பெருஞ்சுவாலைகள் இருந்ததாக 2012 இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. அவை கரிங்டன் சுவாலையைவிடப் பத்து மடங்கும் அதற்கு மேலும் வலியவை. மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. அந்தப் பதிவுகளைச் சலித்துத் தேடியவர்களில் இளமாணிப் பட்ட மாணவர்கள் இருந்தார்கள். கட்டுரையில் அவர்கள் பெயரும் இருக்கிறது. அதே நாட்டின் செய்மெய் தொலைகாட்டி 2020 ஏப்ரல் 5 ஆம் திகதி ஈகே டிராகோனிஸ் என்ற இளஞ்சூரியனில் ஒரு பெருஞ்சுவாலையையும், அதைத் தொடர்ந்து செக்கனுக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பொருள் வீசி எறியப்படுவதையும் பிடித்தது. அப்பொருளின் நிறை, சூரியன் எறியும் மிகப்பெரிய வீச்சுகளின் நிறையைப்போலப் பத்து மடங்குக்கு மேல்.

நம் சூரியனும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. அப்போது அதன் ஒளி இன்றைய ஒளியில் ஏறத்தாழ எழுபது வீதம்தான். எக்ஸ் கதிர்களோ பன்மடங்கு. அந்தக் கடுங்கதிர்களும் காற்றும் செவ்வாயின் வளிமண்டலத்தைப் பறித்ததில் பங்குகொண்டன. பூமியில் அதே வெடிப்புகள் நைதரசனின் பிணைப்பை உடைத்து, உயிருக்கு வேண்டிய சேர்வைகளையும் பூமியை உறையாமல் காக்கும் வாயுவையும் உண்டாக்கியிருக்கலாம் என்று 2016 இல் அயிரபெத்தியனும் அவர் குழுவும் எழுதினார்கள். அது கருதுகோள்தான். ஆயினும் எனக்கு அதில் ஈடுபாடு உண்டு; உயிர் தோன்றிய காலத்துச் சூரியனை அறிய விரும்புவோர் கப்பா-1 சேட்டியைத்தான் அளக்கிறார்கள்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் வேலை, நமக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையின் காவலூரில் பாப்பு 1968 இல் ஓர் அவதான நிலையத்தைத் தொடங்கினார். பின்னாளில் அங்கே 34 சென்ரிமீற்றர் தொலைகாட்டி ஒன்றைக்கொண்டு எச்.ஆர். 1099 இன் ஒளியை வருடக்கணக்கில் அளந்து, அதன் புள்ளிகள் இடம்மாறுவதை ஆராய்ந்தார்கள். மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் ஜப்பான் வழங்கிய தொலைகாட்டியின் விட்டம் 45 சென்ரிமீற்றர். கருவி இருக்கிறது. ஒரே நட்சத்திரத்தை ஐந்து வருடம், பத்து வருடம் விடாமல் பார்க்கும் மனமுள்ள பிள்ளைகள் வேண்டும். அவர்கள் பேராதனைக்கும் கொழும்புக்கும் இந்த மலைநாட்டுப் பாடசாலைகளிலிருந்து போக வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு முன் பாடசாலை முற்றத்திலேயே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதான நிலையம் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறது; மழையும் வெப்பநிலையும் அங்கே தவறாமல் பதிவாகின்றன. அதேபோலச் சூரியப் புள்ளிகளையும் பதியலாம். ஓர் இருகண் தொலைகாட்டியைத் தாங்கியில் பொருத்தி, ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்தால் வரும் சூரிய விம்பத்தை வெள்ளைத் தாளில் விழுத்துங்கள். எக்காரணம் கொண்டும் அதனூடாகக் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கக் கூடாது. ஒரு கணத்தில் பார்வை போய்விடும். ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் இதைச் செய்யவும் கூடாது. ஆற்றுப் பனி விலகிய பிறகு, ஒன்பது மணியளவு நல்ல நேரம். தாளில் வட்டம் வரைந்து, புள்ளிகளைக் குறித்து, திகதியும் நேரமும் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு புள்ளிக்கூட்டம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போவதைக் காண்பீர்கள். சூரியனின் சுழற்சிக் காலத்தை நீங்களே கணக்கிடலாம். ஜேர்மனியின் டெசாவ் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஷ்வாபே 1826 முதல் 1843 வரை செய்தது இவ்வளவுதான். புள்ளிச் சுழற்சியைக் கண்டுபிடித்தவர் அவர்.

இப்போதைய சுழற்சி 2024 இல் உச்சத்தைத் தொட்டுவிட்டது. 2030 ஐ நெருங்கும்போது புள்ளியே இல்லாத நாள்கள் வரிசையாக வரும். இந்த வருடம் தொடங்கும் வகுப்புக்கு இறங்குமுகமும் கிடைக்கும், அடுத்த சுழற்சியின் முதற் புள்ளி உயர் அகலக்கோட்டில் எழுவதும் கிடைக்கும். கொப்பியும் தாங்கியும் வேண்டிய பாடசாலைகள் இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம்.